நாற்பத்தோராவது கை

கிணத்துக்கடவு தாண்டிப் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, தயானந்தனின் கையிலிருந்த போனில் அதுவரை படுத்துக்கிடந்த பச்சைக் கோடு துள்ளி எழுந்தது, மூன்று தடவை உதறிக்கொண்டது, பிறகு மெல்லப் படுத்தது. இது என் கை இல்லை, பஸ்ஸினுடைய கை, என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்ட பிறகு அது அவ்வளவு நிச்சயமாகவும் இல்லை. பள்ளம் வருவதைக் கண் முன்னாலேயே பார்த்துவிட்டது, கை தானாகவே இறுகியிருக்கும், அந்த இறுக்கமும் கோட்டில் சேர்ந்திருக்கும். எது ரோடு, எது பயம் என்று பிரித்துச் சொல்ல, போனுக்குள் இருக்கும் அந்த இரண்டு மணலளவுச் சில்லுகளுக்குத் தெரியாது. ஒன்றுக்குத் தரை எந்தப் பக்கம் என்று தெரியும். மற்றொன்றுக்கு எவ்வளவு திரும்பினோம் என்று தெரியும். இரண்டும் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, போனைப் பிடித்திருப்பவர் என்ன நினைத்துக் கையைச் சாய்த்தார் என்று ஊகித்து, திரையில் ஓடும் ஆற்றில் ஒரு பரிசலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோயமுத்தூரில் போன் விளையாட்டுகள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் பதினோரு மாதமாக அவன் பார்க்கிற வேலை அது. அதற்கு முன்னால் பின்லாந்தில் பதினேழு வருஷம் பார்த்ததும் ஏறக்குறைய அதுவேதான். நாற்பத்தெட்டு வயதுக்கு என்ன தெரிந்துவைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால், அடுத்தவர் கையில் எது எண்ணம், எது நடுக்கம் என்று பிரிக்கத் தெரியும் என்று, போன வியாழக்கிழமை வரைக்கும், கூச்சப்படாமல் சொல்லியிருப்பான். ‘ஏனுங், ஆருக்குங்க முடியல?’ என்றாள் பக்கத்து சீட்டு அம்மாள். மடியில் முருங்கைக்காய்க் கட்டு, அது அவன் முழங்காலையும் சேர்த்துக் குத்திக்கொண்டிருந்தது. அவள் பார்வை போனில் இருந்தது. ‘ஈசிஜிங்களா அது?’ இல்லைங்க, கையோடது, கை ஆடுதான்னு பாக்கறதுக்கு, என்றான். ‘கைக்குமா எடுக்கறாங்க இப்ப? ஆடாட்டி நல்லதுதானுங்களே. எங்க ஊட்டுக்காரருக்குச் சும்மா இருக்கயிலயே ஆடும், டம்ளர்த் தண்ணியில பாதி சட்டைக்கு.’ சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆடாவிட்டால் நல்லது. அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்; நினைத்ததோடு நில்லாமல் அதை எழுதியும் வைத்தான், இரண்டரை டிகிரி என்று.

அந்த இரண்டரையை எடுத்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை, அதுதான் தாள முடியாமல் இருந்தது. பரிசல் ஆட்டத்தைப் பற்றி நானூறு பேர் குறை எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் ஆட முடியவில்லை, பரிசல் தானாகத் தள்ளாடுகிறது, குடிகாரப் பரிசல், போனைச் சும்மா பிடித்திருந்தாலே பாறையில் போய் முட்டுகிறது. நியாயமான குறைதான். சும்மா பிடித்திருக்கும் கை என்று ஒன்று உலகத்தில் கிடையாது, மூச்சு விட்டாலே அரை டிகிரி போகும், பஸ்ஸில் இரண்டு டிகிரி. அதனால் அவன் கைகளைச் சேகரித்தான். ஆபீஸில் இருந்தவர்கள், எதிர்க் கட்டிடத்துக் கல்லூரிப் பிள்ளைகள், டீக்கடைக்காரர், அவர் சம்சாரம், உடுமலைப்பேட்டையில் அக்கா. ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆடச் சொல்லி, சில்லுகள் சொன்னதை அப்படியே பதிவு செய்தான். பேர் எழுதக் கூடாது என்பது விதி, எண் மட்டும்தான். நாற்பத்தொரு எண்கள். உட்கார்ந்து பார்த்தால், ஆட்டத்துக்காகச் சாய்ப்பவர்கள் ஐந்து டிகிரிக்குக் குறைந்து சாய்ப்பதே இல்லை, அதற்குக் கீழே கிடப்பதெல்லாம் மூச்சும் பஸ்ஸும்தான். ஐந்தில் பாதி இரண்டரை. இரண்டரைக்குள் கை அசைந்தால் அசையவில்லை என்று வைத்துக்கொள். ஒரே ஒரு பதிவு மட்டும் எதிலும் சேராமல் நின்றது. நாற்பத்தொன்று. பத்து நிமிஷமும் ஒன்றே கால் டிகிரியைத் தாண்டவில்லை. யாரோ போனை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான் என்று அவன் வாய்விட்டுச் சொன்னான், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், டீக்கடைக்காரராத்தான் இருக்கும் சார் என்றார்கள். குறிப்பில் ஒற்றை வார்த்தை போட்டான், டேபிள், அதுவும் இங்கிலீஷில். ஆபீஸ் குறிப்புகளை இங்கிலீஷில் எழுதிப் பழகிவிட்டது, அந்த மொழியில் எழுதினால் எதுவும் மேலே ஒட்டாது. பிறகு நீக்கினான். ஆட்டம் அமைதியானது. நானூறு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள், சிலர் ஐந்து நட்சத்திரம்கூடக் கொடுத்தார்கள், இப்போதுதான் பரிசல் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று.

சொன்ன பேச்சைக் கேட்கிறது. யார் சொன்ன பேச்சை? பஸ் பெருமூச்சோடு நின்று ஆட்களை இறக்கிவிட்டு மறுபடி புறப்பட்டது, கண்டக்டர் பின்னாலிருந்து ‘உள்ள போங்கண்ணா, உள்ள எடம் கொட்டிக் கெடக்குது’ என்று கத்தினார், உள்ளே இடம் கொட்டிக் கிடக்கவில்லை. அவன் மறுபடி மாமாவின் குரலை முதலிலிருந்து ஓடவிட்டான். வியாழன் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது வந்த போன். மாமா பழனியப்பன், அக்காவின் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், போனில் எப்போதும் கம்பத்தின் மேலிருந்து கீழே நிற்பவரிடம் பேசுவது போல இரைந்து பேசுகிறவர், அன்றைக்கு இரையவில்லை. ‘தம்பி, உங்கக்கா ஆட்டத்த உட்டுட்டா. மூணு வாரமாச்சு. உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னா, நானும் சொல்லல. கை போயிருச்சுங்கறா. போனத் தூக்கிப் பீரோவுல வைக்கச் சொல்லிட்டா. திங்கக்கெழமைக்கு வர மாட்டேங்கறா.’ திங்கக்கெழமை என்றால் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. அக்காவுக்கு விழுங்க முடியாமல் போய்க்கொண்டிருக்கிறது, வயிற்றில் நேராக ஒரு குழாய் வைத்தால் இன்னும் சில வருஷம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், தள்ளிப்போட்டால் மூச்சு அதற்கு இடம் கொடுக்காது என்றும் சொல்லியிருக்கிறார். மூன்று வருஷமாக அந்த நரம்பு நோய் அவளுக்குள் ஒவ்வொரு அறையாக விளக்கணைத்துக்கொண்டு வருகிறது. கால், இடது கை, தோள், இப்போது தொண்டை. மிச்சம் ஒரு வலது மணிக்கட்டு. போன சித்திரையில் குழாய்ப் பேச்சு முதலில் வந்தபோது அவள் சொன்னதை அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ‘இந்தக் கை பரிசல் ஓட்டற வரைக்கும் என்ன வேணாலும் சொருகுங்க. கை நின்னா நிறுத்திரோணும். ஆரும் அழுது கெஞ்சக் கூடாது, சத்தியம் பண்ணுங்க.’ மாமா சத்தியம் செய்தார். அவனும் செய்தான், அக்காவின் அந்த மணிக்கட்டின் மேலேயே கை வைத்து.

கண்ணுக்கு அது அசைவதே தெரியாது. அதனால்தான் ஆட்டம். பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் விளையாட்டு டீச்சராக இருந்தவள், கழுத்தில் விசில் தொங்காமல் அவளை யாரும் பார்த்ததில்லை, எறிபந்தில் அவள் எறிந்த பந்தைப் பிடிக்கப் போய் இரண்டு பேருக்கு விரல் பிசகியிருக்கிறது. அவளுக்கு அவன்தான் போனை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான், ஆட்டத்தின் கூர்மையைக் கடைசிப் படி வரை ஏற்றிவிட்டான், ஒரு டிகிரி சாய்த்தாலும் இருபது டிகிரி சாய்த்ததாக எடுத்துக்கொள்ளும்படி. மாமா பழைய நூல் சேலையைக் கிழித்துப் பட்டை தைத்துப் போனைக் கையோடு கட்டினார். பரிசலுக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது, அது வட்டம். எந்தப் பக்கம் போகிறது என்று தெரிவதற்காக விளிம்பில் ஒரு சிவப்புத் துணி முடிச்சு வரைந்திருக்கும். அக்கா அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடிச்சு நகர்ந்தது. அப்போது அவள் முகத்தில் வந்ததை அவன் சந்தோஷம் என்று சொல்ல மாட்டான், எதிரி அணியை எடைபோடும் பார்வை என்று சொல்லலாம். ‘பிஸியோதெரபி பண்ண வர்ற ரெஜினாப் பொண்ணு இருக்குதே, கை நல்லா இருக்குதுங்க்கான்னு டெய்லி சொல்லும். உங்க மாமா சொல்லுவாரு. டாக்டருஞ் சொல்லுவாரு. அத்தன பேரும் ஆறுதலு. இது ஒண்ணுதாண்டா பொய் சொல்லாது. தப்பா ஓட்டுனா முட்டுவேங்குது, சரியா ஓட்டுனா போவேங்குது.’ முட்டி முட்டி நாற்பத்தேழாவது வளைவு வரைக்கும் போய்விட்டாள், ஆபீஸில் யாரும் முப்பதைத் தாண்டவில்லை. அப்புறம் ஒரு நாள் போன் தன்பாட்டில் புதிய பதிப்பை இறக்கிக்கொண்டது. அவள் சாய்த்தாள். முடிச்சு நகரவில்லை. பூஜ்யத்தை இருபது மடங்காக்கினாலும் பூஜ்யம்தான். பொய் சொல்லாத ஒன்று சொல்லிவிட்டது, கை போயிற்று என்று. அவள் நம்பினாள். யார்மேலும் குறை எழுதவில்லை. நானூறு பேர் எழுதினார்கள், அவள் எழுதவில்லை, எழுதுவதற்கு அவளுக்கு ஒரு டிகிரிதான் இருந்தது, அதையும் ஆட்டத்துக்கென்று வைத்திருந்தாள்.

நேற்று ஆபீஸில், நீக்கிய பதிவுகள் கிடக்கும் இடத்தைத் திறந்து நாற்பத்தொன்றைப் பெரிதாக்கினான். இருபது மடங்கு. மேசை என்று அவன் எழுதிவைத்தது ஆற்றின் வளைவுகளை வெட்டிக்கொண்டு போனது. ஒவ்வொரு பாறைக்கும் அரை நொடி முன்னால், ஒரே சீராக, இடமும் வலமுமாக. நாற்பத்தொரு பேரில் அத்தனை சுத்தமாக யாரும் ஓட்டவில்லை. இத்தனை நாளும் பதினேழாம் எண்தான் அக்கா என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்! அதில் வீச்சு இருந்தது, அசராமல் நறுக்கென்று திரும்பும் திமிர் இருந்தது, அக்கா இல்லாமல் வேறு யார் என்று ஒரு நாள் அதைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தான். பதினேழு யாரோ ஒரு கல்லூரிப் பிள்ளை. கட்டிலில் கிடப்பவளை மாதம் இரண்டு தடவை கண்ணால் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, எண்களில் தேடும்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவள்தான் வந்து நின்றாள். அந்த வண்டியை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், முடியவில்லை, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் ஒடித்துத் திரும்பியபோது உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்த உடனே முப்பத்துமூன்று வருஷத்துக்கு முந்திய அந்த வாய்க்கால் மேட்டு வளைவு வந்துவிட்டது. அவனுக்குப் பதினைந்து. அவளுக்கு இருபத்தொன்று. மொபெட்டின் பின்னால் அவனை ஏற்றிக்கொண்டு, ‘வளைவுல நாஞ் சாய்வேன், நீ சாயாத, பயந்து எதுவுஞ் செய்யாத, மூட்டையா இரு, போதும்,’ என்றாள். மூட்டையாக இருக்க அவனால் முடியவில்லை. அவள் இடப்பக்கம் சாய்ந்தாள், தண்ணீர் தெரிந்தது, அவன் வலப்பக்கம் சாய்ந்தான். அவனுக்கு முழங்கால் தோல் போயிற்று. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது, அந்த மாதம்தான் மாநில எறிபந்து அணிக்கு ஆள் எடுத்தார்கள், அவள் மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நாய் குறுக்கே வந்துவிட்டது என்று வீட்டில் சொன்னாள். அப்பா ஊரில் இருந்த நாயையெல்லாம் திட்டினார். அவள் அவனைப் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் அந்த நாயைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை.

முருங்கைக்காய் அம்மாள் பொள்ளாச்சியில் இறங்கிப் போகும்போது, ‘ஒண்ணும் ஆகாதுங் தம்பி, கை தானுங்களே,’ என்று சொல்லிவிட்டுப் போனாள். காலியான சீட்டில் அவன் போனை வைத்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கோடு மெல்லிசாக அரித்துக்கொண்டிருந்தது. யாரும் தொடாத போன், இதுவும் ஒன்றே கால் டிகிரிதான். ஆக பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், மேசையும் அக்காவும் ஓடாமல் நிற்கும் பஸ்ஸும், அதனால் என்மேல் தப்பு இல்லை என்று மனசு ஒரு படி ஏறிப் பார்த்து உடனே இறங்கியது. இல்லை, ஒன்றில்லை. இன்ஜினின் அரிப்புக்குப் பாறை தெரியாது. பாறைக்கு அரை நொடி முன்னால் வருகிறதா என்று பார்த்திருந்தால் போதும், பத்து நிமிஷ வேலை, பார்க்கவில்லை. அவன் போனில் இப்போது இரண்டரை இல்லாத ஒரு பதிப்பு இருக்கிறது, நேற்று சாயங்காலம் உட்கார்ந்து திருத்தத்தைத் திருத்தியது, அக்காவுக்கு மட்டும். அதைக் கொண்டுபோய் அவள் கையில் கட்ட வேண்டும், அவ்வளவுதான். கட்டினால் முடிச்சு நகரும், அல்லது நகராது. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு ஒவ்வொரு தடவையும் செருப்பில் முள் ஏறியது போல நின்றுவிடுகிறது. இருபத்துமூன்று நாள் ஆகிவிட்டது. அந்த நோய்க்கு இருபத்துமூன்று நாள் என்பது நிறைய. ஒருவேளை இதற்கிடையில் நிஜமாகவே கை போயிருக்கலாம். போயிருந்தால்? போயிருந்தால் ஆட்டம் சொன்னது சில நாள் முந்திச் சொன்ன உண்மை, தப்புக் கணக்கில் வந்த சரியான விடை, யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிக்கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். போகாமல் இருந்தால், உயிரோடு இருந்த கையைச் செத்துப்போயிற்று என்று மூன்று வாரம் அவளை நம்பவைத்தவன் அவன். குழாய் வேண்டாம் என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டதும் அவனால்தான். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று நினைக்கிறாய்? அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கோமங்கலம் என்று பலகை போயிற்று, தென்னந்தோப்புகளுக்கு மேல் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தன, சில சுற்றின, சில சும்மா நின்றன, ஒரே காற்றுதான். எது நடக்க வேண்டும்? கை போயிருக்க வேண்டும் என்று, ஒரு நொடி, ஒரு டிகிரிக்கும் குறைவாக, அவன் மனசு சாய்ந்தது. அவனுக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியாது, எந்தச் சில்லும் அதைப் பிடித்திருக்காது. கண்டக்டரிடம் தண்ணீர் கேட்டான், அவர் ‘மூஞ்சி என்னண்ணா இப்படிப் போச்சு, வாந்தி கீந்தி வந்தா ஜன்னலுக்கு வெளியங்க’ என்று பாட்டிலை நீட்டினார். வாந்தி வரவில்லை. வேறு வழிகள் வந்தன. சர்வர் கோளாறுக்கா. புதுசாகச் சேர்ந்த ஒருத்தன் தெரியாமல் மாற்றிவிட்டான் அக்கா, நான் பார்த்துச் சரிசெய்துவிட்டேன். எவ்வளவு சுலபமாக வருகிறது. நாய் குறுக்கே வந்துவிட்டது. உடுமலை வரும் வரைக்கும் அந்த நாய் பஸ்ஸுக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். ‘வாங்க தம்பி,’ என்றார், அப்புறம் குரலைத் தாழ்த்தி, ‘திங்கக்கெழமையப் பத்தி மட்டும் பேசீராதீங்க, நேத்து ரெஜினாவையும் இனி வர வேண்டாம்னுட்டா,’ என்றார். முன்னறையில் ஜன்னலைப் பார்த்துப் போட்ட கட்டிலில் தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்தது. அக்கா பூங்கோதை முகத்தைத் திருப்பவில்லை, திருப்ப முடியாது, கண்ணை மட்டும் திருப்பினாள். ‘வா கண்ணு. பஸ்ல கூட்டமா?’ சூடான கிழங்கை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவது போலத்தான் இப்போதெல்லாம் பேச்சு வரும், பழகியவர்களுக்குப் புரியும். ‘உங்க மாமன் எதுக்குக் கூப்புட்டாருன்னு தெரியும். கொழாயப் பத்திப் பேசறதுன்னா காப்பி குடிச்சுட்டுக் கெளம்பு.’ அதப் பத்தி இல்லக்கா, ஆட்டத்தப் பத்தி, என்றான். ‘ஆட்டம் முடிஞ்சுது. விசில் ஊதியாச்சு.’ அவள் வலது கை போர்வைமேல் கிடந்தது, உள்ளங்கை மேலே பார்க்க, யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் மாதிரி. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சர்வர் கோளாறு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ‘விசில் ஊதுனது நாந்தான்கா,’ என்றான், ‘தப்பா ஊதிட்டேன்.’ அப்புறம் நிறுத்த முடியவில்லை. இரண்டரை டிகிரிக்குக் கீழே அசைந்தால் அசையவில்லை என்று வைத்துவிட்டதை, நானூறு பேரை, எண்களை, எல்லாவற்றையும் சொன்னான். ‘உன் ரெக்கார்டும் வந்துது. நீன்னு தெரியல. மேசமேல வச்ச போனுன்னு நெனச்சு அழிச்சுட்டேன். உன் கை போச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுக்கா. ஆனா ஆட்டம் நின்னது கையால இல்ல, என்னால.’ காப்பித் தட்டோடு வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘மேசைன்னா நெனச்ச?’

‘ம்.’

‘மேசைக்கு நாலு காலு இருக்குதேடா.’

மாமாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம். அவள் சிரிக்கவில்லை. ‘இருவத்திமூணு நாளு,’ என்றாள். ‘நானும் எண்ணிக்கிட்டுத்தான் கெடக்கறேன். இருவத்திமூணு நாளா இந்தக் கைகிட்டப் பேசீட்டிருந்தேன். கெஞ்சுனேன். திட்டுனேன். கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டுனேன். பாவம், அது வேலை செஞ்சுகிட்டே இருந்திருக்குமாட்ட இருக்குது.’ கண்ணோரம் வழிந்ததை யாரும் துடைக்கவில்லை. துடைக்கப் போனால் என்ன சொல்வாளோ என்று இருந்தது. ‘செரி. அழுதது போதும். போனக் கட்டு.’ மாமா தட்டைத் தரையில் வைத்துவிட்டு, பீரோவிலிருந்து நூல் சேலைப் பட்டையை எடுத்து வந்தார், மடித்து, நாப்தலின் வாசத்தோடு. அவன் தன் போனை அவள் உள்ளங்கையில் வைத்துக் கட்டினான், கனம் தாங்காமல் சரிந்துவிடுமோ என்று அடியில் தன் விரல்களைக் கொடுத்துக்கொண்டான். அவள் கை குளிர்ந்திருந்தது. ஆறு ஓடத் தொடங்கியது. முடிச்சு உடனே அசைந்தது, இடது, வலது, மறுபடி இடது. ‘ஆடுது!’ என்று இரைந்தார் மாமா, மூன்று வாரமாகத் தொலைந்திருந்த பழைய குரலில், ‘ஆடுது பாருங்க தம்பி!’ தயானந்தன் நம்பவில்லை. விரல் அடியில் இருக்கிறது. அவன் விரல் நடுங்கிக்கொண்டிருக்கிறது. பஸ் சீட்டில் வைத்த போன் மாதிரிதான் இதுவும்.

‘உன்ற கைய எடு,’ என்றாள் அக்கா.

‘வழுக்கீரும்கா.’

‘எடுடா. ஆரு ஓட்டறாங்கன்னு எனக்குத் தெரியோணும். மூட்டையா இருன்னா நீ என்னிக்கிடா கேட்ட?’

முப்பத்துமூன்று வருஷம் கழித்து அந்த வாய்க்கால் மேடு அறைக்கு நடுவில் வந்து நின்றது. அவன் விரல்களை ஒவ்வொன்றாக உருவினான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். போன் சரியவில்லை, பட்டை பிடித்துக்கொண்டது. முடிச்சு அப்படியே நின்றது. ஆறு பரிசலை நேராகக் கொண்டுபோயிற்று, தூரத்தில் முதல் வளைவின் பாறை பொட்டு மாதிரி தெரிந்தது, பிறகு எலுமிச்சை மாதிரி. முடிச்சு நின்றது. அவள் மூச்சு மட்டும் கேட்டது, சளி கட்டிய மூச்சு, போர்வை ஏறி இறங்கியது. பாறை குடம் அளவுக்கு வந்துவிட்டது. தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும், என்று அவன் மனசுக்குள் வேண்டினான், யாரிடம் என்று தெரியாமல், பஸ்ஸில் சாய்ந்த அந்த ஒரு டிகிரியையும் திருப்பி இழுத்துக்கொண்டு, முழுக்க முழுக்க என்னுடையதாகவே இருக்கட்டும், இருபத்துமூன்று நாளும், அந்த நாயும், எல்லாமே, என்மேலேயே எழுதிக்கொள், நகரட்டும். அவள் நெற்றியில் நரம்பு புடைத்தது. கை அசையவில்லை. மணிக்கட்டும் அசையவில்லை, அவன் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான், சத்தியமாக அது அசையவில்லை, போர்வை மடிப்புகூடக் கலையவில்லை. திரையில் சிவப்பு முடிச்சு இடப்பக்கம் நகர்ந்தது. நின்றது. இன்னும் நகர்ந்தது. பரிசல் பாதி திரும்பி, போதாமல், பாறையில் சொத்தென்று முட்டிக் கவிழ்ந்தது.

மூன்று பேரும் கவிழ்ந்த பரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

‘லேட்டு,’ என்றாள் அக்கா, மூச்சு வாங்க. ‘பழக்கம் உட்டுப்போச்சு. முந்தியே சாய்ச்சிருக்கோணும்.’ கொஞ்சம் பொறுத்து, ‘ஏனுங்க, அங்க நின்னு என்ன பண்றீங்க? திங்கக்கெழம வண்டி எத்தன மணிக்குன்னு கேளுங்க. ரெஜினாகிட்டயும் ஒரு வார்த்த சொல்லீருங்க, அந்தப் பொண்ணு மெய்யத்தான் சொல்லீருக்குது,’ என்றாள். பிறகு தம்பி பக்கம் கண்ணைத் திருப்பினாள். அதில் மன்னிப்பு எதுவும் இல்லை, எடைபோடும் அந்தப் பார்வைதான் இருந்தது. ‘மறுக்காப் போடு.’

மறுபடி ஆடு என்ற பொத்தான் திரையின் நடுவில் பெரிதாக, யாராலும் தப்பவிட முடியாத அளவில் இருந்தது. அதை வரையச் சொன்னவனும் அவன்தான். தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து நீட்டினான். விரல் பொத்தானுக்கு இந்தப் பக்கம் பட்டது. மறுபடி நீட்டினான், அந்தப் பக்கம் பட்டது.

‘ஏண்டா,’ என்றாள் அக்கா, ‘உன்ற கை எத்தன டிகிரி ஆடுது?’